பாக்கு இல்லாத ஊர்

பமாக்கோ,
மார்ச் 3, 1996

என் அன்புள்ள அக்காவுக்கு,

பெய்லான் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சியாங்டானில் இன்னும் மழைக்குளிர் விட்டிருக்காது. ஈரத்தில் நடந்து உன் மருந்துக்கடைக்குப் போகாதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய்.

இங்கே ஸூமானா என்ற பெரியவருடைய வீட்டில் முன்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து வைத்தியசாலை திறந்தாயிற்று. இவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஊசிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. வந்த ஓரிருவரும் ஒருமுறை நாக்கை நீட்டிக் காட்டியதோடு சரி, அப்புறம் இந்தத் தெரு வழியாகவே நடக்கவில்லை. கடைசியில் ஸூமானாதான் போட்டு உடைத்தார்.

“ஒருத்தன் வீடு தேடி வந்திருக்கான். ஒக்காருன்னு சொல்லி ஒரு கொட்டை குடுக்கறதில்ல, புள்ளகுட்டிங்க சௌக்கியமான்னு கேக்கறதில்ல. எடுத்த எடுப்புலயே கைய நீட்டு, நாக்க நீட்டுன்னா, உன் புருசன் வைத்தியனா, போலீசா?”

நம் ஊரில் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பதுபோல இங்கே ஒரு கொட்டையைக் கொடுத்துத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். மறுநாளே வாசல் பெஞ்சின்மேல் ஒரு பீங்கான் தட்டு நிறையக் கொட்டை வைத்தேன். கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே நீ. வருகிறார்கள், மெல்லுகிறார்கள், ஊர்வம்பு பேசுகிறார்கள், பிறகு நிதானமாக உள்ளே போய் நாக்கை நீட்டுகிறார்கள். எனக்குக் கூலிபாலி என்று குடும்பப் பெயர்கூட வைத்தாயிற்று. அந்தப் பெயர்க்காரர்களை மொச்சை தின்னி என்று கேலி செய்வது இவர்கள் வழக்கம். ஸூமானாவின் மனைவி கொரோத்துமு என்னைக் கண்டாலே, “என்ன மொச்சை தின்னி, இன்னிக்கு எத்தனை மூட்டை?” என்கிறாள். திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னும் பாஷை போதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவருக்கு ஊசி தெரியும், மூலிகை தெரியாது. அது உன் ராஜ்யம். இங்கே யார் நாக்கைப் பார்த்தாலும் மஞ்சள். பழுப்பு கலந்த, திட்டுத் திட்டான மஞ்சள். என்ன கொடுப்பது என்று எழுது. இவர் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பெய்லான்


சியாங்டான்,
ஏப்ரல் 9, 1996

பெய்லானுக்கு அக்காவின் ஆசிகள்.

நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உனக்கு உடம்பு எப்படி என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பக்கம் பக்கமாக மொச்சைக்கதை மட்டும் எழுதத் தெரிகிறது.

மஞ்சள் படிந்த நாக்கென்றால் உள்ளே சூடு, வெளுத்த நாக்கென்றால் குளிர். இதை நான் கடல் தாண்டி எழுத வேண்டியதில்லை. வெயில் தேசத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு நம் உடம்பு மாதிரி இருக்காது. சூடு தோலோடு நிற்காமல் குடல் வரைக்கும் இறங்கியிருக்கும். மண்ணைப் பார்த்து மருந்து கொடு என்றுதான் நம் ஆட்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் இங்கே நான் கொடுக்கிற அளவு அங்கே எடுபடாது. மஞ்சள் நிறக் கசப்பு வேரும் ரேவல்சின்னிக் கிழங்கும் சேர்த்துப் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். இங்கத்து அளவைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கச் சொல். இரண்டுமே நல்ல குளிர்ச்சி, வயிற்றையும் கழுவிவிடும்.

ஒன்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள். அந்த ஜனங்களுக்குப் பாக்கு மெல்லும் பழக்கம் உண்டா? நம் ஊரில் பாதி மஞ்சள் நாக்கு பாக்கின் சாயம்தான். வாயைக் கழுவிவிட்டு வராதவன் நாக்கை நான் பார்ப்பதே இல்லை.

பாக்கு என்றதும் இன்னொன்று. அப்பாவின் தாடை கடைசியில் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். கஞ்சி ஊற்றினால் கன்னத்து ஓட்டை வழியாக வெளியே வந்தது. அவர் படத்துக்கு முன்னால் நீ செய்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறாய்தானே? கல்யாணம் ஆகி இவ்வளவு தூரம் போய்விட்டாய், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்காதே. நான் கேட்பேன்.

வெய்மினுக்கு என் அன்பு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
ஷூயீ


பமாக்கோ,
ஜூன் 2, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பொட்டலங்களும் பத்திரமாக வந்தன. முழங்காலுக்கு இவர் ஒரு ஊசிமுறை எழுதி இத்துடன் வைத்திருக்கிறார். உன்னைப் பற்றி எழுது என்றாய், எழுதுகிறேன், பொறு.

முதலில் சத்தியம். இந்த ஊரில் பாக்கு என்ற பொருளே கிடையாது, அக்கா. கொரோத்துமுவை வைத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டேன். படம் வரைந்துகூடக் காட்டினேன். ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. இங்கு வந்ததிலிருந்து என் வாயில் ஒரு துண்டு பாக்கு பட்டதில்லை. அப்பா மீது ஆணை. இனிமேலாவது என்னை நம்பு.

உன் மருந்தை ஒரு மணிநேரம் கொதிக்க வைக்க யாரிடமும் அவ்வளவு கரி இல்லை. அதனால் இவர் எல்லாவற்றையும் இடித்துப் பொடியாக்கிவிட்டார். தினைக்கஞ்சியில் கலந்து குடிக்கிறார்கள். கசப்பைப் பற்றி யாரும் முகம் சுளிப்பதில்லை. கசந்தால்தான் மருந்து என்கிறார்கள். வயிறு கழிந்தால் நோயும் கூடவே கழிந்தது என்று சந்தோஷப்படுகிறார்கள். ஸூமானாவின் அக்கா மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. வயதானவள், முன்பே நோஞ்சான். இரண்டு வாரம் சாப்பிட்டும் நாக்கு மஞ்சளாகவே இருக்கிறது என்று இவர் அளவைக் கூட்டியிருக்கிறார்.

இப்போது என் கதை. மே மாதத்தில் எனக்குக் கொசுக்காய்ச்சல் வந்து போனது. போனது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எதையோ தூக்கிக்கொண்டு போய்விட்டது. சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் பெஞ்சுக்கும் அறைக்கும் நடக்கக் கால் கெஞ்சுகிறது. நேற்றுக் கண்ணாடியில் நாக்கைப் பார்த்தேன். இந்த ஊர் நாக்கேதான், அதே மஞ்சள். கொரோத்துமுவிடம் நாக்கைத் துருத்திக் காட்டி, பார், நானும் உங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்றேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பயப்படாதே. என்ன சாப்பிடலாம் என்று எழுது.

உன்
பெய்லான்


சியாங்டான்,
ஜூலை 8, 1996

பெய்லான்,

நீ நலம் என்று எழுதிவிட்டுக் கீழே நோயை எழுதுவாய் என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் நலம். என்னை விடு.

அந்த ஊர்ச் சூடு உனக்குள்ளும் இறங்கிவிட்டது. வந்தவளுக்கும் அதே நாக்கு வருகிறது என்றால் நான் மண்ணைப் பற்றி எழுதியது சரியாகிவிட்டது. பாக்கு இல்லை என்று நீ ஆணையிட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இனி உன் நாக்கை நான் நேரில் பார்த்த மாதிரி நம்பலாம்.

அங்கே இருக்கிற பொட்டலத்தையே நீயும் காலை, மாலை குடி. இஞ்சி, மிளகு, ஆட்டுக்கறி எதுவும் வாயில் படக்கூடாது. மிளகாய் இல்லாமல் உனக்கு உயிர் போய்விடும் என்று தெரியும். இரண்டு மாதம் பொறுத்துக்கொள்.

உன் கல்யாணத்துக்கு அம்மா இடத்தில் நின்றவள் நான். சொன்னதைக் கேள்.

ஷூயீ


பமாக்கோ,
ஆகஸ்ட் 11, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம்தானே? எழுத்து கோணலாகப் போனால் திட்டாதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே குடிக்கிறேன். ஒருவேளையும் தவறவில்லை. வயிறு நிற்கவே மாட்டேன் என்கிறது. கஞ்சி குடித்தால் கஞ்சியாகவே போகிறது. இங்கே மழைக்காலம், புழுக்கம். எல்லாரும் விசிறிக்கொண்டு இருக்கிறார்கள், நான் கம்பளி போர்த்துக்கொண்டு கிடக்கிறேன். கையும் காலும் சில்லென்று இருக்கின்றன. ஸூமானாவின் அக்கா போன வாரம் இறந்துபோனாள். என்னால் எழுந்து போய்த் துக்கம்கூடக் கேட்க முடியவில்லை.

கொரோத்துமு இஞ்சித்தண்ணீர் கொண்டுவருகிறாள். இங்கே தெருவெல்லாம் விற்பார்கள், வெல்லம் போட்டது. வாசனைக்கே நாக்கில் நீர் ஊறுகிறது. நீ கூடாது என்றதால் கட்டிலடியில் வைத்துவிட்டு, அவள் போனதும் கொட்டச் சொல்லிவிடுகிறேன். பாவம், குடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று இவருக்கும் எனக்கும் சண்டை. “குளிருதுங்கறவளுக்குக் குளிர்ச்சி மருந்தா? உங்க அக்கா இங்க வந்து உன் கையத் தொட்டுப் பாத்தாங்களா?” என்றார். அக்கா தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, நாக்கு மஞ்சளாக இருக்கிறதே என்றேன். இன்னமும் மஞ்சள்தான், அக்கா. ஓரத்தில் பழுப்பு.

எனக்குக் குளிர்கிறது. என்ன செய்ய என்று சீக்கிரம் எழுது. நீ சொன்னால் சரியாக இருக்கும்.

பெய்லான்


சியாங்டான்,
செப்டம்பர் 6, 1996

பெய்லான்,

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். நம் அரசு அங்கே அனுப்பும் மருத்துவக்குழுவின் டாக்டர் ஒருவர் விமானத்தில் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை.

இதைப் பொய்க்குளிர் என்போம். சூடு மிக ஆழத்துக்குப் போய்விட்டால் கைகால் வரைக்கும் வராது. வெளியே சில்லிடும், உள்ளே வெந்துகொண்டிருக்கும். கை பொய் சொல்லும், வயிறு பொய் சொல்லும். நாக்கு பொய் சொல்லாது. இந்த இடத்தில் பயந்துபோய்ச் சுக்கையும் இஞ்சியையும் கொடுத்து ஆளைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்தை நிறுத்தாதே. இரண்டு மடங்காக்கு. வெய்மினிடம் சொல், ஊசியை அவர் பார்த்துக்கொள்ளட்டும், நாக்கை என்னிடம் விடட்டும்.

உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? எழுந்து உட்கார்ந்ததும் ஒரு வரி எழுது.

அக்கா


பமாக்கோ,
அக்டோபர் 20, 1996

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வெய்மின் எழுதுவது. நீங்கள் நலமென்று நம்புகிறேன். டாக்டர் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் சொன்னபடியே இரண்டு மடங்காகக் கொடுத்தேன். பெய்லானுக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. நாக்கு மஞ்சளாக, நடுவில் தடித்து, ஓரம் பழுப்பாக இருக்கிறது.

நோயாளிகளுக்குப் பொட்டலம் தீர்ந்துவிட்டது. முடிந்தபோது அனுப்புங்கள். முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வெய்மின்


சியாங்டான்,
நவம்பர் 19, 1996

வெய்மின் தம்பிக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நாக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அவளைப் பற்றி எழுதவில்லை. சாப்பிடுகிறாளா? உங்களைத் திட்டுகிறாளா? அவள் ஒரு கேலிகூடச் சொல்லாமல் ஒரு கடிதம் முடிந்தது இதுவரை நடந்ததில்லை. அவள் சொன்னதாக ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். பேனா பிடிக்க முடியாவிட்டால் காகிதத்தில் ஒரு கோடு கிழிக்கச் சொல்லுங்கள், போதும்.

பொட்டலங்களோடு கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன். நானே பின்னியது. கால் குளிர்கிறது என்றாளே.

ஷூயீ


பமாக்கோ,
ஜனவரி 5, 1997

அக்காவுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பெய்லான் இல்லை. உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில், செப்டம்பரிலேயே போய்விட்டாள். மருந்தைக் கூட்டியதும் வயிற்றுப்போக்கு அதிகமாயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நரம்பில் ஊசி ஏற்றக்கூட இடம் கிடைக்கவில்லை, எல்லாம் வற்றிப்போயிருந்தது. ஸூமானாதான் துணி வாங்கி, இடம் பார்த்து, ஆள் சேர்த்து அடக்கம் செய்தார்.

அக்டோபரில் நான் உங்களுக்கு எழுதியபோது அவள் மண்ணுக்குள் இருந்தாள். உட்கார்ந்து உண்மையைத்தான் எழுதத் தொடங்கினேன். உங்களுக்கு அவளைத் தவிர யாருமில்லை என்ற வரி கண்ணில் பட்டது, கை வரவில்லை. நான் எழுதியது நான் கடைசியாகப் பார்த்த நாக்கு. என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

காலுறை வந்தது. கொரோத்துமு அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும் டாக்டரிடம் பெய்லானுடைய சீப்பையும் கண்ணாடியையும் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே இலையில் சுற்றி, ஈரத்துணியில் கட்டிய ஒரு சின்னப் பொதி இருக்கும். அது அவள் உயிர். பெஞ்சுத் தட்டில் வைக்கும் கொட்டைதான். காலை முதல் இருட்டும் வரை அவள் வாயில் அது இல்லாமல் இருக்காது. சாப்பாடு இறங்காத நாளிலும் இதை மென்றால் தெம்பாக இருக்கிறது என்பாள். படுக்கையில் விழுந்த பிறகும் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். “அக்காவுக்கு மெல்லறதுன்னாலே பாக்குதான். சொன்னா அங்கேருந்தே பிரம்பத் தூக்கிட்டு வந்துரும்” என்பாள். இனி மறைத்து என்ன?

அவள் போன பிறகும் நோயாளிகள் வருகிறார்கள். நாக்குகள் பழையபடி மஞ்சளாகவே இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய பொட்டலங்களைக் கொடுத்து வருகிறேன். வேறு ஏதாவது செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்.

வெய்மின்


சியாங்டான்,
பிப்ரவரி 16, 1997

வெய்மின்,

தட்டை எடுத்துவிடுங்கள். முதலில் எழுந்துபோய் அந்தத் தட்டை எடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பொதி நேற்று வந்தது. அவளுக்குப் பிடித்தது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் ஒன்றை வாயில் போட்டேன். கசப்பு. அழுதுகொண்டே மென்றேன், துப்ப மனம் வரவில்லை. பிறகு முகம் கழுவப் போனேன். கண்ணாடியில் என் பற்களைப் பார்த்தேன். நாக்கை நீட்டினேன். பழுப்பு கலந்த மஞ்சள். திட்டுத் திட்டாக. அவள் தன் முதல் கடிதத்தில் எழுதிய அதே நிறம்.

எனக்கு உடம்பில் சூடு எதுவும் இல்லை, வெய்மின். நான் நன்றாக இருக்கிறேன்.

அவள் பொய் சொல்லவில்லை. பாக்கு உண்டா என்று கேட்டேன், இல்லை என்றாள். வாயில் என்ன போட்டுக்கொள்கிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கொட்டை என்று எழுதினாள். வேர்க்கடலை மாதிரி ஏதோ என்று நினைத்துக் கடந்துபோய்விட்டேன். சொந்த ஊரில் வாயைக் கழுவச் சொல்லாமல் யாரையும் பார்க்காதவள், அங்கே மட்டும் மண்ணையும் வெயிலையும் பற்றிப் பெரிய வார்த்தைகள் எழுதிக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் இளைத்துக் குளிரில் நடுங்கியவளுக்குக் குளிர்ச்சிக்குமேல் குளிர்ச்சி கொடுத்து வயிற்றைக் கழுவ வைத்தேன். அவளுக்குத் தேவைப்பட்டது சுக்கும் அதிமதுரமும் கொஞ்சம் சோறும். கட்டிலடியில் இருந்த இஞ்சித்தண்ணீரைக் குடித்திருந்தால்கூடப் போதும். பிழைத்திருப்பாளா என்று கேட்டீர்கள். பிழைத்திருப்பாள்.

நீங்கள் உங்கள் சத்தியத்தைக் காப்பாற்றினீர்கள். அதைக் குறையாக நினைக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. ஆனால் கையைத் தொட்டுப் பார்த்தவர் நீங்கள், உங்கள் வாயை அடைத்தவள் நான்.

என் பொட்டலங்களை எல்லாம் எரித்துவிடுங்கள். காலையில் எதையும் மெல்லுவதற்கு முன் வரச் சொல்லுங்கள். வாய் கொப்பளிக்க வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். நான் கடையில் நாக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஷூயீ


பமாக்கோ,
ஏப்ரல் 13, 1997

அக்காவுக்கு,

முழங்காலை ஈரத்தில் வைக்காதீர்கள். அவள் இருந்தால் இதைத்தான் முதலில் எழுதுவாள், அதனால் எழுதுகிறேன்.

தட்டு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்க் குவளை இருக்கிறது. பாதிப் பேர் வருவதில்லை. பெய்லானோடு வைத்தியனின் மரியாதையும் போய்விட்டது என்று தெருவில் பேச்சு. இறந்துபோன அவருடைய அக்காவுக்கு நான் என்ன கொடுத்தேன் என்று ஸூமானாவிடம் இன்று சொன்னேன். “எங்க அக்காவும் அந்த மருந்தத்தான் தின்னா, உன் பொண்டாட்டியும் அதத்தான் தின்னா. நீ ஆள் பாத்துக் குடுக்கல” என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. குவளையை எடுத்து வாய் கொப்பளித்தார். “எனக்கும் பாரு” என்று வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார்.

இந்த வாரம் வந்த எல்லாரையும் அப்படித்தான் பார்த்திருந்தேன். சூட்டு நாக்கு ஒன்று இரண்டு இருந்தது, மற்றதெல்லாம் நம் ஊர் நாக்குதான். ஸூமானாவும் நாக்கை நீட்டினார். கல்யாணமான புதிதில் பெய்லான் என்னைக் கேலி செய்து நாக்கைத் துருத்திக் காட்டுவாளே, அதே இளஞ்சிவப்பு.

வெய்மின்